ரோட்ரி எப்போது வருவார், நம்ம எட்டாம் நம்பர் எப்போது வருவான்: முட்டிக் கேள்விகளுக்குப் பதில்

2025 அக்டோபர் 5, ஞாயிறு இரவு, பிரென்ட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்தில் 22-வது நிமிடத்தில் பின்தொடைத் தசை பிடித்து மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியின் ரோட்ரி வெளியே போனார். அன்றிலிருந்து சுங்கை சிப்புட் மாமாக் கடையில் நிம்மதியாக ஒரு தே தாரிக் குடிக்க முடியவில்லை, பார்ப்பவர்கள் எல்லாம் ரோட்ரியைப் பற்றியும், முட்டி ஆபரேஷன் முடிந்து உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர் டீமின் எட்டாம் நம்பரைப் பற்றியும் கேள்வியோடு வருகிறார்கள். நான் ஃபிசியோ வேலை பார்ப்பவன், முன்னாள் தோட்டத்து மிட்ஃபீல்டர், லிவர்பூல் ரசிகன் (அடிக்க வராதீர்கள்). வந்த கேள்விகளுக்கு மொத்தமாக இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, ரோட்ரி எத்தனை வாரத்தில் திரும்புவார்? (லிந்தாங் சாலை தம்பி)

தம்பி, எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்காமல் தேதி சொல்பவன் கிளி ஜோசியக்காரன். பின்தொடையில் லேசான பிடிப்பு என்றால் இரண்டு மூன்று வாரம், தசை கிழிந்திருந்தால் ஒன்றிரண்டு மாதம், எலும்போடு சேரும் நார் போய்விட்டால் கதையே வேறு. சிட்டிக்கு ஆடிய டி புருய்னவை நினைத்துப் பார். 2023 ஜூன் 10, இன்டருக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பாதியில் வெளியேறினார். நாம் விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்தோமே, அந்த ஆட்டம்தான். ஆகஸ்ட் 11-ல் பர்ன்லியில் இறங்கினார், அரை மணி நேரம்கூடத் தாங்காமல் அதே இடம் மறுபடி போனது. அப்புறம் ஆபரேஷன், திரும்பியது 2024 ஜனவரி 7. ஆகவே "எப்போது வருவார்" என்பதைவிட "வந்த பிறகு எத்தனை ஆட்டம் தாங்குவார்" என்று கேட்பதுதான் சரி.

ரோட்ரிக்கு ஆபரேஷன் செய்தது முட்டியில், இப்போது பிடித்தது தொடையில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? (பள்ளி ஆசிரியர் ஒருவர்)

நல்ல கேள்வி சார். 2024 செப்டம்பர் 22, ஆர்சனல் ஆட்டத்தில் அவருடைய வலது முட்டியில் முன்குறுக்குத் தசைநார் அறுந்தது, அதாவது எல்லாரும் ஏ.சி.எல். என்று சொல்வது, கூடவே முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் அடிபட்டது. அடுத்த மாதம் தங்கப் பந்து விருதை ஊன்றுகோலோடு வந்து வாங்கினார். எட்டு மாதம் கழித்து 2025 மே 20-ல் போர்ன்மவுத் ஆட்டத்தின் கடைசியில் இறங்கினார். கிளப் உலகக் கோப்பையில் அல்-ஹிலாலிடம் 4-3 தோற்ற அன்று மாற்று ஆளாக வந்து, முடிவதற்குள் கவட்டுத் தசை வலியோடு வெளியே போனார். இப்போது பின்தொடை.

முட்டி ஆறும் அந்த எட்டு மாதத்தில் தொடை, இடுப்பு, கெண்டைக்கால் எல்லாமே இளைக்கும். ஜிம்மில் பலம் திரும்பினாலும், எழுபதாவது நிமிடத்தில் களைத்த காலோடு வேகமாக ஓடி சட்டென்று நின்று திரும்பும் பழக்கம் ஆட்டத்தில்தான் வரும், அதுவும் மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் என்றால் தசைக்கு மூச்சு விடவே நேரம் இல்லை. பிரைட்டனிடம் தோற்றபோது அவரே சொன்னார், நான் மெஸ்ஸி இல்லை, நான் வந்ததும் டீம் ஜெயித்துவிடாது என்கிற மாதிரி. அந்த மனிதருக்குத் தன் உடம்பு தெரிகிறது, ரசிகர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஃபேண்டசி லீக் டீமில் ரோட்ரியை வைத்துக்கொள்ளலாமா?

விற்றுவிடு.

அண்ணே, தீபாவளிக் கிண்ணக் கால்பந்துப் போட்டிக்கு நம்ம எட்டாம் நம்பர் ரெடி என்கிறான். ஏ.சி.எல். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆச்சு, வலியே இல்லையாம். இறக்கலாமா? (டீம் மேனேஜர்)

வேண்டாம்.

வலி இல்லை என்பது ஒரு சான்றிதழே இல்லை. உள்ளே வைத்த நார் வேறு இடத்திலிருந்து எடுத்தது. அது ரத்த ஓட்டம் பிடித்து, உண்மையான தசைநார் மாதிரி ஆக ஒரு வருடத்துக்கு மேலாகும், நடுவில் சில மாதம் வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகவும் ஆகும். வலி போய்விடுகிறது, வீக்கம் போய்விடுகிறது, பையன் குதிக்கிறான், நார் மட்டும் இன்னும் தயாராகவில்லை. 2016-ல் வெளிவந்த டெலவேர்-ஓஸ்லோ ஆய்வில் ஏ.சி.எல். ஆபரேஷன் செய்த நூற்றுச் சொச்சம் பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம்வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டதற்கும் முட்டி மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பார்சிலோனாவிலும் ஏ.சி.எல். அறுந்த காவியைப் பதினொரு மாதம் வெளியே வைத்தார்கள், 2023 நவம்பரிலிருந்து 2024 அக்டோபர்வரை. அவ்வளவு பொறுத்தும் 2025 செப்டம்பரில் அதே வலது முட்டியில் மெனிஸ்கஸுக்கு ஆபரேஷன். அவர்களிடம் இருக்கும் டாக்டர்களும் பச்சைக் கம்பளம் மாதிரி திடலும் நம்மிடம் இல்லை. நம்ம திடலில் மழை பெய்தால் செம்பனைப் பக்கத்துக் கோல் முன்னால் வாத்து நீந்தும்.

என் கதையையும் சொல்கிறேன். இருபத்து மூன்று வயதில் அந்தத் திடலில்தான், யாரும் தொடக்கூட இல்லை, பந்தை மடக்கித் திரும்பினேன், "பட்"டென்று ஒரு சத்தம். பூட்ஸ் கிழிந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு அரையிறுதிக்கு இறங்கினேன். பத்தாவது நிமிடம் மெனிஸ்கஸும் போனது. அன்று என்னை இறக்கிய மேனேஜர் ரொம்ப நல்லவர், தோளில் தூக்கிக்கொண்டு போனார். இன்றும் மாடிப்படி இறங்கும்போது அவர் ஞாபகம் வரும்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், ஃபிசியோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யவும். ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி அளவு நாடாவால் அளக்க வேண்டும். நல்ல கால் 150 சென்டிமீட்டர் தாண்டினால் ஆபரேஷன் கால் குறைந்தது 135 தாண்டி, ஆடாமல் நிற்க வேண்டும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தால் எத்தனை தாண்டினாலும் தோல்விதான். அதுவும் ஒன்பது மாதம் ஆன பிறகு.

தம்பி, என் மகனுக்குப் பதினைந்து வயது. முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. உருவிவிடும் ஆளிடம் கூட்டிப்போகவா? (ஓர் அம்மா)

அக்கா, தயவு செய்து வேண்டாம். சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தித் தேய்த்தால் கெடும். துணியில் சுற்றிய ஐஸ், காலை உயர்த்தி வைப்பது, ஊன்றாமல் இருப்பது, நாளைக் காலையே கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்கக் கிளினிக். ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள், வரிசை நீளம் என்று சலித்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள். தைலம் வேண்டுமானால் உங்கள் தோளுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தவர்கள் யாருமே இல்லையா அண்ணே? பயமுறுத்துகிறீர்கள்.

ஏன் இல்லை? ஸ்பெயின் ஆட்டக்காரர் சாந்தி கசோர்லா. 2016 அக்டோபரில் ஆர்சனலுக்காக ஆடியதோடு நின்றுபோனார். கணுக்காலில் கிருமி புகுந்து குதிகால் நாரில் பல சென்டிமீட்டரைத் தின்றுவிட்டது, முன்கையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள், அதில் பச்சை குத்தியிருந்த மகள் பெயரில் பாதி கணுக்காலுக்கு வந்துவிட்டது. 2018-ல் வில்லாரியலில் மறுபடி ஆடினார், 2019-ல் ஸ்பெயினுக்கே ஆடினார். ஆனால் நடுவில் போன காலத்தை எண்ணிப் பார்.

அண்ணே, நான்தான் எட்டாம் நம்பர். ஓடாமல் கீப்பராக மட்டும் நிற்கவா?

டேய், ஒற்றைக் காலில் எகிறிக் குதித்து இறங்குகிறவனே கீப்பர்தான். லைன்மேன் கொடி தருகிறேன், அதையும் நடந்துகொண்டே பிடி.