340 பேரோடு நிற்கும் தையல் கணக்கு: காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். எட்டு மாதமாக இன்ஸ்டாகிராமில் நான் தைத்தவற்றைப் படமாகவும் ரீல்ஸாகவும் போட்டு வருகிறேன். 340 பேரைத் தாண்டவில்லை, அதிலும் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். ஒரு பதிவுக்கு எத்தனையோ ஹேஷ்டேக் போட்டும் பார்த்துவிட்டேன். 999 ரூபாய்க்கு 5,000 ஃபாலோயர் தருவதாக ஒருவர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா? யூடியூபும் தொடங்க வேண்டுமா? முகம் காட்டத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. அந்த 5,000 பேரில் ஒருவர்கூட உங்களிடம் பிளவுஸ் தைக்கத் துணி கொண்டுவர மாட்டார். அவை பெரும்பாலும் போலிக் கணக்குகள், அல்லது யாரும் திறந்தே பார்க்காத கணக்குகள். இன்ஸ்டாகிராமும் யூடியூபும் இவற்றை அவ்வப்போது களையெடுக்கின்றன. 'நீ என்னை ஃபாலோ செய், நான் உன்னை ஃபாலோ செய்கிறேன்' என்று நடக்கும் வாட்ஸ்அப் குழுக்களும் வேண்டாம். அப்படிச் சந்தாதாரர் சேர்ப்பது யூடியூப் விதிப்படியே தவறு.

இனி உங்கள் கணக்கு ஏன் நகரவில்லை என்பதைப் பார்க்கலாம். முன்பெல்லாம் நாம் போடுவது நம்மைப் பின்தொடர்பவர்களுக்கு நேர வரிசையில் போய்ச் சேரும். 2016-இல் இன்ஸ்டாகிராம் அந்த வரிசையை மாற்றியது. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. இந்தக் குறு வீடியோக்கள் பெருமளவு முன்பின் தெரியாதவர்களுக்கே காட்டப்படுகின்றன. ஒவ்வொரு வீடியோவும் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். 340 பேர் மட்டுமே உள்ள கணக்கிலிருந்தும் ஒரு வீடியோ பல ஆயிரம் பேரிடம் போக முடியும்.

எது போகிறது? இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் முக்கியமான மூன்றைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். புதியவர்களைச் சென்றடைய இந்த அனுப்புதல்தான் லைக்கைவிடப் பெரிது என்பதும் அவர் சொன்னதே. உங்கள் பதிவுகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். தைத்து முடித்த பட்டு பிளவுஸின் படம் அழகாக இருக்கிறது, சரி. லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அதை யார் யாருக்கு அனுப்புவார், எதற்காக?

உங்களிடம் வருகிறவர்கள் தினமும் கேட்பதை எழுதி வையுங்கள். முன்பக்கம் அக்குள் பக்கத்தில் ஏன் சுருக்கம் விழுகிறது? கையைத் தூக்கினால் பிளவுஸ் ஏன் மேலே ஏறுகிறது? கழுத்து ஏன் தோளிலிருந்து நழுவுகிறது? 80 சென்டிமீட்டர் துணியில் முழங்கை வரை கை வைக்க முடியுமா? லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் ஒரு வீடியோ. ஒரு வீடியோவில் ஒரு கேள்விதான், ஆனால் பதில் முழுதாக இருக்க வேண்டும்.

அக்குள் சுருக்கத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் காட்சியில் சுருக்கம் விழுந்த பிளவுஸ் தெரிய வேண்டும். 'வணக்கம் நண்பர்களே', கடைப் பெயர், பாட்டு எதுவும் அதற்கு முன்னால் வேண்டாம். அடுத்து மேஜையில் துணியை விரித்து, முன்பக்க ஆர்ம்ஹோலை (கை பொருத்தும் வளைவை) பின்பக்கத்தைவிட அரை இஞ்ச் உள்ளே வளைத்து வெட்டுவதை டேப் வைத்துக் காட்டுங்கள். கடைசியில் சரியாக உட்கார்ந்த பிளவுஸ். தையல் பழகும் ஒரு பெண் இதைச் சேமித்து வைப்பாள். இதே தொல்லை உள்ள இன்னொருத்தி தன் அக்காவுக்கு அனுப்புவாள். ஃபாலோ பட்டனை அழுத்துவதும் இவர்கள்தான். இதுபோல இன்னும் வரும் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் பின்தொடர்கிறார். திங்கட்கிழமை பிளவுஸ், புதன்கிழமை கோலம், வெள்ளிக்கிழமை பழனிப் பயணம் என்று இருந்தால் உங்களிடம் எதை எதிர்பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழ் யூடியூபில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அது. அவர்களின் வீடியோக்களை வரிசையாகப் பாருங்கள்: அதே மனிதர்கள், திறந்தவெளி, பெரிய பாத்திரங்கள், ஊருக்கே ஆகிற அளவில் சமையல். வீடியோவைத் திறக்கும் முன்பே என்ன கிடைக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய எண்ணிக்கை உங்களுக்குத் தேவையில்லை. அந்த ஒருமுகத்தை மட்டும் கற்றுக்கொள்ளலாம்.

சொந்தக்காரர்களை நீக்க வேண்டாம், ஆனால் லைக் போடும்படி அவர்களைக் கேட்பதை நிறுத்துங்கள். தையலில் ஆர்வமில்லாதவர் அன்புக்காக லைக் போட்டுவிட்டு இரண்டு நொடியில் தள்ளிவிடுவார். அதனால் வீடியோவுக்கு நன்மை எதுவும் இல்லை. ஹேஷ்டேக் மூன்று நான்கு போதும். அந்த நேரத்தில், வீடியோ எதைப் பற்றியது என்பதை விளக்கத்தில் தெளிவான வாக்கியமாக எழுதுங்கள்.

யூடியூப் கட்டாயம் தொடங்குங்கள். பிளவுஸ் கட்டிங் என்பது மக்கள் தேடிப் பார்க்கும் விஷயம். ரீல்ஸின் வேகம் சில நாளில் அடங்கிவிடும், தேடலில் நிற்கும் வீடியோவோ வருடக்கணக்கில் ஆள் கொண்டுவரும். 36 அளவு பிளவுஸை முழுதாக வெட்டித் தைப்பதைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நிதானமாகக் காட்டுங்கள். தலைப்பு வைக்குமுன் தேடல் பெட்டியில் முதல் இரண்டு சொற்களைத் தட்டினால், மற்றவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று கீழே வரிசையாக வரும். அந்தச் சொற்களைத் தலைப்பில் வையுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் ஏராளம், விளக்கத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

அப்புறம், சேனல் வைத்திருப்பவர்களுக்கான யூடியூப் ஸ்டுடியோ செயலியில் பார்வையாளர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. பார்வை எண்ணிக்கையைவிட எனக்கு அதுதான் முக்கியம். 2025 மார்ச் இறுதியிலிருந்து ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். கோடு எங்கே சரிகிறதோ அங்கே பேச்சு நீண்டிருக்கும், இல்லையென்றால் கை மறைத்து வெட்டு தெரியாமல் போயிருக்கும். அடுத்த வீடியோவில் அதைத் திருத்துங்கள். வாரம் இரண்டு போதும், தையல் வேலை கெடக் கூடாது.

யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த 4,000 மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வைகள் இருந்தாலும் போதும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் தொழிலில் ஆர்டரும் தையல் வகுப்பும்தான் முதலில் வரும் காசு. நாளைக்கு யாராவது இலவசமாகத் தையல் மெஷின் கொடுத்துப் பேசச் சொன்னால், அது இலவசமாக வந்தது என்பதை வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கிறது.

முகம் வேண்டியதில்லை. உங்கள் கைகள், மேஜை, கத்திரி, குரல் இவை போதும். ஜன்னல் வெளிச்சத்தில் போனை மேலிருந்து பார்க்கும்படி ஸ்டாண்டில் பொருத்துங்கள். வாடிக்கையாளர் உடுத்தியிருக்கும் படத்தை அவரிடம் கேட்காமல் போடாதீர்கள், அளவு நோட்டில் உள்ள பெயரும் எண்ணும் காட்சியில் விழாமல் பாருங்கள். ஆர்டருக்கு வீட்டு எண்ணைக் கொடுக்காமல் தனி சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வளரத் தொடங்கியதும் 'காப்புரிமைப் புகார் வந்திருக்கிறது, இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு கொடுங்கள்' என்று போலி மெசேஜ்கள் வரும். எதையும் தொடாதீர்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.