எக்ஸ்-மென்னுக்குக் கல், அவெஞ்சர்ஸுக்குக் கைதட்டல்: கேள்வி பதில்

மார்வெல், டிசி காமிக்ஸ்களில் ஊர் ஜனங்கள் சூப்பர் ஹீரோக்களை ஓர் இதழில் தோளில் தூக்குகிறார்கள், அடுத்த இதழில் துரத்துகிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை. பழைய கதைகளின் முடிவுகள் சில பதில்களில் வெளிப்படும்.

கேள்வி: ஒரே நியூயார்க். ஃபென்டாஸ்டிக் ஃபோர் தெருவில் வந்தால் ஆட்டோகிராஃப் கேட்கிறார்கள், எக்ஸ்-மென் வந்தால் கல் எறிகிறார்கள். உடம்பெல்லாம் தீப்பிடித்துப் பறக்கும் ஜானி ஸ்டோர்மைப் பார்த்துப் பயப்படாதவன் ஐஸ்மேனைப் பார்த்து ஏன் பயப்படுகிறான்? யாருக்குச் சக்தி எப்படி வந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தெரியாது. தெருவில் நிற்பவன் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மார்வெல் உலகத்தின் பெரிய ஓட்டை இதுதான். அறுபது வருடமாக யாரும் அதை முழுதாக அடைக்கவில்லை.

கதைக்குள் சொல்லப்படும் காரணம், வெறுப்பு சக்தியின் மேல் அல்ல, பிறப்பின் மேல் என்பது. ரீட் ரிச்சர்ட்ஸின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவுக்கு நேர்ந்தது விண்வெளிக் கதிர்வீச்சு விபத்து, நாலு பேரோடு முடிந்துவிட்டது. எக்ஸ்-மென்னோ மியூட்டன்ட்கள், பிறவியிலேயே சக்தி உள்ளவர்கள். அந்த விஷயம் அப்படி முடியாது. யார் வீட்டுப் பிள்ளைக்கும் பருவ வயதில் அது வெளிப்படலாம். நாளைக்கு மனித இனமே அவர்களுக்கு வழிவிட வேண்டி வரலாம். பயம் அங்கே இருக்கிறது. இன்னொன்று முகவரி. ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு முகமூடி கிடையாது, பெயர் ஊருக்கே தெரியும், அவர்கள் இருக்கும் பாக்ஸ்டர் பில்டிங் எங்கே என்று டாக்சிக்காரருக்கும் தெரியும். எக்ஸ்-மென் வெஸ்ட்செஸ்டரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒளிந்து வாழ்கிறார்கள்.

கதைக்கு வெளியே உள்ள காரணம் இன்னும் முக்கியம். எக்ஸ்-மென், அவெஞ்சர்ஸ் இரண்டின் முதல் இதழும் 1963 செப்டம்பர் தேதியிட்டவை. எக்ஸ்-மென்னின் ஆரம்ப இதழ்களில் வெறுப்பு கெட்டியாகவே இல்லை. எஃப்.பி.ஐ., அணியை நடத்தும் பேராசிரியர் சேவியரோடு சேர்ந்து வேலை செய்கிறது. 1964இல் 8வது இதழில்தான், ஒரு சிறுவனைக் காப்பாற்றிய எக்ஸ்-மென் உறுப்பினர் பீஸ்டைக் கூட்டம் விரட்டுகிறது. 1965இல் 14வது இதழில் பொலிவர் டிராஸ்க் மியூட்டன்ட்களை வேட்டையாடும் சென்டினல் ரோபோக்களைக் கொண்டுவருகிறார். அதன்பிறகு வெறுப்பு அந்தத் தொடரின் நிரந்தரச் சூழலாகிவிட்டது. அந்த வருடங்களில் இரண்டு தொடர்களையும் எழுதியவர் ஸ்டேன் லீயேதான். ஆகவே "எழுத்தாளர் மாறினார், மக்கள் மாறினார்கள்" என்ற வழக்கமான விளக்கம் இங்கே நிற்காது. ஒவ்வொரு தொடரும் தனக்கு வேண்டிய ஜனங்களைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி முரண்பாடுகளில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

கேள்வி: அதே பீஸ்ட் அவெஞ்சர்ஸில் சேர்ந்ததும் பெண்கள் சூழ்ந்துகொள்கிறார்களே?

ஆமாம். அதற்குள் அவர் உடம்பெல்லாம் ரோமம் முளைத்து முன்னைவிட விலங்குபோல ஆகியிருந்தார். கூட்டம் விரட்டியதோ அவர் பார்க்கச் சாதாரணப் பையனாக இருந்த காலத்தில். 1975இல் அவெஞ்சர்ஸ் பக்கம் வந்ததும் ஊருக்குச் செல்லப்பிள்ளை.

கதைக்குள் இதற்கு ஒரு சமாதானம் உண்டு. அவெஞ்சர்ஸுக்கு அரசாங்க அனுமதி இருக்கிறது, ஃபிஃப்த் அவென்யூவில் மாளிகை இருக்கிறது, கேப்டன் அமெரிக்கா பக்கத்தில் நிற்கிறார். 1965இலேயே, 16வது இதழில், எக்ஸ்-மென்னின் எதிரி மேக்னீட்டோவிடம் வேலை செய்துவிட்டு வந்த மியூட்டன்ட்களான குவிக்சில்வரையும் ஸ்கார்லெட் விட்ச்சையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். யார் உத்தரவாதம் தருகிறார்கள் என்பதுதான் அங்கே கணக்கு.

ஆனால் ஹென்றி கைரிச் என்ற அரசு அதிகாரியைக் கவனியுங்கள். 1979இல், 181வது இதழில், அவெஞ்சர்ஸ் இனி ஏழு பேர்தான் என்று கட்டளையிட்டுப் பட்டியலும் தருகிறார். அந்த ஏழில் பீஸ்டும் ஸ்கார்லெட் விட்ச்சும் இருக்கிறார்கள். 1981இல், எக்ஸ்-மென் 142வது இதழின் கடைசிப் பக்கங்களில், அதே கைரிச்சிடம் புது சென்டினல் திட்டத்தை அமெரிக்க ஜனாதிபதி ஒப்படைக்கிறார். ஒரே மனிதர் ஒரு தொடரில் மியூட்டன்டுக்கு அடையாள அட்டை தருகிறார், இன்னொன்றில் அவர்களை வேட்டையாடும் இயந்திரத்துக்குப் பொறுப்பேற்கிறார். இரண்டையும் இணைக்கும் ஒரே ஒரு காட்சி இருந்திருந்தால் அவர் மார்வெலின் மிகப் பயங்கரமான பாத்திரமாகியிருப்பார்.

கேள்வி: ஸ்பைடர்மேன் மேல் உள்ள வெறுப்பும் இதே வகைதானா?

இல்லை, அது எவ்வளவோ சீரானது. காரணம், அதற்கு ஆளும் உண்டு, சம்பவமும் உண்டு. ஆள், டெய்லி பியூகிள் பத்திரிகையின் ஜேம்சன். 1963இல் முதல் இதழிலேயே விண்வெளி வீரரான தன் மகனை ஸ்பைடர்மேன் காப்பாற்றியும் அவர் எதிர்த்து எழுதுகிறார். 10வது இதழில், இது பொறாமைதான் என்று தனியாக இருக்கும்போது ஒத்துக்கொள்கிறார். 1965இல் ஸ்கார்ப்பியன் என்ற வில்லன் உருவாகவே அவர் பணம்தான் காரணம். சம்பவம் என்று பார்த்தால், 1970இல் போலீஸ் கேப்டன் ஸ்டேசி இறந்தபோதும் 1973இல் தொழிலதிபர் நார்மன் ஆஸ்பர்ன் இறந்தபோதும் பழி ஸ்பைடர்மேன் மேல் விழுந்தது. ஊர் பாதியாகப் பிரிந்து நிற்பதற்கு வாசகர் கையில் கணக்கு இருக்கிறது.

கேள்வி: டிசியில் மட்டும் ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்? சென்ட்ரல் சிட்டியில் ஃப்ளாஷுக்கு மியூசியமே இருக்கிறது.

முதல் காரணம் வரைபடம். டிசி ஆளுக்கொரு ஊர் கொடுத்துவிட்டது. மெட்ரோபொலிஸ் சூப்பர்மேனை நேசிக்கலாம், காத்தம் பேட்மேனைப் பார்த்து நடுங்கலாம், இரண்டும் மோதாது. மார்வெல் எல்லாரையும் நியூயார்க்கில் குடிவைத்தது. அதனால்தான் அங்கே முரண்பாடு கண்ணில் குத்துகிறது.

இரண்டாவது, டிசியில் மக்கள் திரும்புவதே ஒரு கதைச் சம்பவம். யாராவது திருப்ப வேண்டும். 1986இல் தொடங்கிய ஆறு இதழ்க் கதையான 'லெஜண்ட்ஸ்'இல் அப்போகோலிப்ஸ் கிரகத்திலிருந்து வந்த காட்ஃப்ரீ தன் குரலாலேயே ஜனங்களை ஹீரோக்களுக்கு எதிராகத் தூண்டுகிறான், ஜனாதிபதி ரீகன் ஹீரோக்களுக்குத் தடை போடுகிறார். முடிந்ததும் பழைய நிலை. 2005இல் வொண்டர் உமன், வில்லன் மேக்ஸ்வெல் லார்டைக் கொல்லும் காட்சி உலகம் முழுக்க ஒளிபரப்பாகி நம்பிக்கை சரிகிறது, பிறகு அதுவும் மீள்கிறது. எனக்கு மிகப் பிடித்தது 1940களின் ஹீரோ அணியான ஜஸ்டிஸ் சொசைட்டியின் கதை: 1951இல் நாடாளுமன்றக் குழு முகமூடியைக் கழற்றச் சொல்கிறது, அவர்கள் மறுத்து ஓய்வு பெறுகிறார்கள். 1979இல் பால் லெவிட்ஸ் எழுதிய பின்கதை அது. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த அமெரிக்காவின் நிஜப் பயத்தை எடுத்து, பழைய தொடர் நின்றுபோனதற்குக் காரணமாக வைத்தார். கச்சிதமான வேலை.

இரண்டு உலகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க டிசியின் ஜஸ்டிஸ் லீக் அணி (ஜேஎல்ஏ) அவெஞ்சர்ஸைச் சந்திக்கும், 2003இல் தொடங்கிய ஜேஎல்ஏ–அவெஞ்சர்ஸ் நாலு இதழ்களைப் படியுங்கள். எழுத்து கர்ட் பியூசிக், படம் ஜார்ஜ் பெரெஸ். மார்வெல் பூமிக்கு வரும் ஃப்ளாஷ், ஒரு மியூட்டன்டைக் கூட்டத்திடமிருந்து காப்பாற்றப் போய்த் தானும் அடிபடுகிறார். சூப்பர்மேனுக்கு, இங்கே ஹீரோக்கள் போதுமான அளவு உழைக்கவில்லை என்று கோபம். கேப்டன் அமெரிக்காவுக்கு, டிசி பூமியில் மக்கள் ஹீரோக்களைக் கும்பிடும் விதமே சர்வாதிகாரமாகத் தெரிகிறது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: பேட்மேன் நிஜமா வதந்தியா என்று காத்தமில் ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது என்கிறார்களே?

1994இன் 'ஸீரோ அவர்' கதைக்குப் பிறகு பேட்மேன் தொடர்களின் எடிட்டர்கள் வைத்த விதி அது. சிக்கல் எங்கே என்றால், 1997 முதல் வந்த ஜேஎல்ஏ தொடரில் அவர் சூப்பர்மேனோடு அணியில் இருக்கிறார். எடிட்டர் அறைகள் வேறு, அதனால் பேட்மேனும் இருவேறு. 2004இன் 'வார் கேம்ஸ்' கதையில் அவர் டிவி கேமராவில் பட்டதும் விதி உடைந்தது. நல்லதுதான், அதற்கு மேல் அதைக் காப்பாற்ற முடிந்திருக்காது.

கேள்வி: 'சிவில் வார்' காமிக்ஸில் யார் பக்கம் நியாயம்? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

குழப்பம் உங்களுடையது அல்ல. 2006–07இல் வந்த ஏழு இதழ்கள். எழுத்து மார்க் மில்லர், படம் ஸ்டீவ் மெக்னிவென். தொடக்கம் அருமையாகப் போடப்பட்டிருக்கிறது. கனெக்டிகட்டின் ஸ்டேம்ஃபோர்டில், ரியாலிட்டி டிவிக்காக வில்லன்களைப் பிடிக்கப் போன இளம் ஹீரோக்கள் முன்னால் நைட்ரோ என்ற வில்லன் வெடிக்கிறான். பள்ளிக் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் சாகிறார்கள். பிள்ளையை இழந்த தாய், அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் முகத்தில் துப்புகிறாள். எல்லாருக்கும் பிடித்த ஜானி ஸ்டோர்மை கிளப் வாசலில் அடித்துப் போடுகிறார்கள். மக்கள் ஏன் மாறினார்கள் என்று முதல் இதழிலேயே தெரிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் கோளாறு. சக்தி உள்ளவர்கள் அரசிடம் பதிய வேண்டும் என்று சட்டம் வருகிறது, டோனி ஆதரிக்கிறார், கேப்டன் அமெரிக்கா எதிர்க்கிறார். அந்தப் பதிவுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதில் இணைத் தொடர்கள் ஒத்துப்போகவில்லை. சக்தி உள்ளவர் வீட்டில் சும்மா இருந்தாலும் பதிய வேண்டும் என்பது ஒன்று, ஹீரோ வேலை பார்த்தால் மட்டும் போதும் என்பது இன்னொன்று. பதிந்தால் பயிற்சியும் அடையாள அட்டையும் மட்டும் என்று ஒரு தொடர், ஷீல்டு என்ற உளவு அமைப்புக்குக் கட்டாய வேலை என்று வேறொன்று. விசாரணையில்லாமல் நெகட்டிவ் ஸோன் என்ற வேற்றுலகத்தில் சிறை என்று வரும் இடத்தில் டோனி வில்லன். லைசென்ஸ் என்று மட்டும் வரும் இடத்தில் கேப்டன் பிடிவாதக்காரர். எந்த இதழ் உங்கள் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து நியாயம் மாறும்.

வழி இது. முதலில் முக்கிய ஏழு இதழ்களை மட்டும் படியுங்கள். பிறகு அமேஸிங் ஸ்பைடர்மேன் 532 முதல் 538 வரை. ஸ்பைடர்மேனான பீட்டர் எதைப் பார்த்துக் கட்சி மாறுகிறார் என்பது அங்கேதான் விரிவாக இருக்கிறது. மற்ற இணைத் தொடர்கள் அதற்கப்புறம். கடைசி இதழில் கேப்டனை நிறுத்துவது எந்த ஹீரோவும் இல்லை. சாதாரண மீட்புப் பணியாளர்கள் பாய்ந்து பிடிக்கிறார்கள், சுற்றியுள்ள நாசத்தை அவர் அப்போதுதான் பார்க்கிறார். பல வருடங்களாகப் பின்னணியில் கத்திக்கொண்டிருந்த கூட்டம் அங்கே பாத்திரமாகிறது.

கேள்வி: பெரிய அழிவு நடந்தும் அடுத்த மாதமே மறந்துவிடுகிறார்களே?

2001–02இல் அவெஞ்சர்ஸ் தொடரில் காங் என்ற வில்லன் பூமியையே பிடித்து வாஷிங்டனை அழிக்கிறான். மற்ற தொடர்கள் அசையவில்லை. 2001இலேயே எக்ஸ்-மென் பக்கம் மியூட்டன்ட்களின் தீவு நாடான ஜெனோஷாவில் 1 கோடியே 60 லட்சம் மியூட்டன்ட்கள் கொல்லப்படுகிறார்கள். அதற்குப் பிறகும் மற்ற இதழ்களில் "மியூட்டன்ட்களால் ஆபத்து" என்று கோஷம் போடுகிறவர்கள் அந்தச் சாவை நினைத்துப் பார்ப்பது அபூர்வம். மார்வெல் காலம் நகர்ந்துகொண்டே இருக்கும். 1961 முதல் வந்த அத்தனையும் கதைக்குள் ஏறத்தாழ பதினைந்து வருடத்துக்குள் அடக்கப்படுகிறது. நமக்குப் பத்து வருட இடைவெளியில் நடந்த கலவரங்கள் அவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் நடந்தவை. அந்த வேகத்தில் எந்த ஊரும் பைத்தியம் போலத்தான் தெரியும்.

கேள்வி: மியூட்டன்ட் வெறுப்பு எப்போதாவது குறைந்ததுண்டா?

குறைந்திருக்கிறது, ஒட்டவில்லை. 1988இல் அப்போகலிப்ஸ் என்ற வில்லனிடமிருந்து ஊரைக் காப்பாற்றிய எக்ஸ்-ஃபாக்டர் என்ற மியூட்டன்ட் அணிக்கு நியூயார்க் ஊர்வலமே எடுத்தது. 2019இல் எழுத்தாளர் ஜோனதன் ஹிக்மன் கெட்டிக்காரத்தனமாக யோசித்தார். மியூட்டன்ட்களின் கிராக்கோவா தீவு நாடு மனிதர்களுக்கு மருந்து தருகிறது. ஆயுளை ஐந்து வருடம் நீட்டுவது, எல்லாத் தொற்றுக்குமான ஆன்டிபயாட்டிக், மனநோய்க்கான மருந்து என மூன்று. பதிலுக்கு நாடுகள் அங்கீகாரம் தர வேண்டும். அன்பை அல்ல, தேவையை விலையாக வைத்ததால் அந்த அரசியல் நம்பும்படி இருந்தது. 2023இல் அதையும் இடித்தார்கள். வெறுப்பு தீர்ந்தால் தொடருக்கு ஆதாரம் போய்விடும் என்ற பயம் அந்த அலுவலகத்தில் எப்போதும் உண்டு.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே உலகத்தில் வெப்காமிக்ஸ் வரைகிறோம். இந்தத் தப்பு வராமல் இருக்க என்ன செய்யலாம், அண்ணா?

"மக்கள்" என்று ஒற்றை ஆளாக வைக்காதீர்கள். நேரில் பார்த்தவர், செய்தியில் பார்த்தவர், அரசாங்கம் என மூன்றாகப் பிரியுங்கள். நேரில் பார்த்தவர் அன்றே மாறுவார், செய்தி பார்த்தவர் சில நாளில், சட்டம் மாறக் கதைக்காலத்தில் மாதக்கணக்காகும். மூன்றும் ஒரே இதழில் திரும்பினால்தான் பொய்யாகத் தெரியும்.

நாலு பேருக்கும் பொதுவாக ஒரு ஷீட் திறந்து ஒவ்வொரு ஹீரோவுக்கும் நாலு தகவல் எழுதுங்கள். முகம் தெரியுமா, யார் உத்தரவாதம், ஊர் கடைசியாகப் பார்த்த சம்பவம் எது, அதைச் சொன்னது யார். பக்கத்தில், ஊர் அவரை எவ்வளவு விரும்புகிறது என்று –3 முதல் +3 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். காமிக்ஸ் பக்கத்தில் வரைந்த சம்பவம் இல்லாமல் மதிப்பெண் மாறக் கூடாது, ஒரு சம்பவத்துக்கு ஒரு படிக்கு மேல் நகரக் கூடாது. ஸ்டேம்ஃபோர்ட் அளவு விபத்துக்கு மட்டும் விலக்கு.

ஒருவர் கதையில் கட்டடம் இடிந்தால், அடுத்த மூன்று இதழ்களுக்குள் இன்னும் இரண்டு பேர் கதையில் அது தெரிய வேண்டும். ஒரு பேனல் போதும்: போஸ்டர், மூடிய தெரு, டீக்கடைப் பேச்சு. அப்புறம் மிக முக்கியமானது, ஒரே ஊரில் ஓர் அணிக்கு மாலையும் இன்னொன்றுக்குக் கல்லும் என்றால், மாலை வாங்கும் அணியிடம் "அவர்களுக்கு நீங்கள் ஏன் பேசவில்லை?" என்று யாராவது சீக்கிரமே கேட்க வேண்டும். மார்வெல் இந்தக் கேள்வியை 2012இன் அவெஞ்சர்ஸ்–எக்ஸ்-மென் மோதல் வரை பெரிதாக எடுக்கவில்லை. அதற்குள் ஐம்பது வருடம் போய்விட்டது.

கேள்வி: இரும்புக்கை மாயாவி கதைகளில் இந்தச் சிக்கல் வந்ததே இல்லையே?

வராது. அது பிரிட்டிஷ் வார இதழில் வந்த தனித்தொடர். பக்கத்துத் தொடரின் ஹீரோவோடு அவர் ஊரைப் பங்கு போடவில்லை. ஆரம்பத்தில் குற்றவாளியாக இருந்து பிறகு அரசுக்கு வேலை செய்தது அவர் கதையிலேயே நடந்த மாற்றம்.

கேள்வி: ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருக்கிறது. எதைப் படிக்கட்டும்?

1994இல் வந்த 'மார்வெல்ஸ்', நாலு இதழ். எழுத்து கர்ட் பியூசிக், ஓவியம் அலெக்ஸ் ராஸ். ஃபில் ஷெல்டன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் தெருவிலிருந்து பார்க்கும் கதை. இரண்டாவது இதழை நிதானமாகப் படியுங்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ரீட்–சூ கல்யாணத்துக்கு ஊரே குதூகலிக்கிறது, அதே ஊரில் மியூட்டன்ட் பயம் பரவுகிறது. இரண்டையும் ஒரே மனிதரின் கண்ணுக்குள் வைத்ததால், முப்பது வருட முரண்பாடு அங்கே முதல்முறையாக மனித சுபாவமாகத் தெரிகிறது. நல்ல மனிதரான ஷெல்டனே கூட்டத்தோடு நின்று ஐஸ்மேன் மேல் ஒரு செங்கல்லை எறிகிறார். பிறகு அவருடைய சின்ன மகள்கள், வீட்டுக்கு அடியில் ஒரு மியூட்டன்ட் சிறுமியை ஒளித்துவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவருகிறது.