சட்டம் கேளுங்கள்: கெடு தாண்டினால் என்ன செய்வது?

கேள்வி: என் மீது சொத்து வழக்கு. சம்மன் வாங்கி நான்கு மாதமாகியும் எதிருரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்யவில்லை. ‘எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது’ என்கிறார்கள். இனி என் தரப்பைச் சொல்லவே முடியாதா?

பதில்: சொல்லலாம். ஆனால் ‘எக்ஸ்பார்ட்டி’ (ஒரு தரப்பு இல்லாமலே வழக்கு நடப்பது) என்ற ஒரே சொல்லை இரண்டு நிலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று வழக்கு எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் முதலில் பாருங்கள்.

உங்களை ஒருதலைப்பட்சமாக வைத்த உத்தரவு மட்டும்தான், தீர்ப்பு வரவில்லை என்றால் பாதிச் சிரமம் மிச்சம். அடுத்த வாய்தாவிலேயே உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 7-ன் கீழ், அந்த உத்தரவை நீக்கக் கேட்டு மனு போடுங்கள். எதிருரையையும் தயாராகக் கையில் வைத்திருங்கள். வெறும் மனுவோடு போய் மறுபடி அவகாசம் கேட்பவரை யாரும் நம்புவதில்லை. எதிருரைக்குக் கெடு, சம்மன் சார்வானதிலிருந்து (உங்கள் கைக்கு முறையாக வந்ததிலிருந்து) 30 நாள்; காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் அதை மொத்தம் 90 நாள் வரை நீட்டலாம். அதையும் தாண்டினால்? சாதாரண உரிமையியல் வழக்கில், மிகக் கடினமான சூழ்நிலையைக் காட்டினால் ஏற்கலாம் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வணிக நீதிமன்ற வழக்கானால் அந்தச் சலுகை கிடையாது. அங்கே சம்மன் சார்வானதிலிருந்து 120 நாளோடு சரி.

தீர்ப்பாணையே (தீர்ப்பின்படி பிறக்கும் முறையான ஆணை, டிக்ரி) வந்துவிட்டதா? அதை நீக்கக் கேட்டு, கட்டளை 9 விதி 13-ன் கீழ் தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாளுக்குள் மனு போட வேண்டும். சம்மன் முறையாகச் சார்வாகாதவருக்கு மட்டும், தீர்ப்பாணை பற்றித் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. அதுவும் கடந்துவிட்டால், காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ன் கீழ் தாமத மன்னிப்பு மனு கூடவே வேண்டும்.

நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏப்ரல் 10 தீர்ப்பாணை என்றால் கடைசி நாள் மே 10. அன்று கோடை விடுமுறை என்றால், நீதிமன்றம் திறக்கும் நாளில் கொடுத்தால் தாமதமே இல்லை. அன்றும் விட்டு ஜூன் 25-ல் கொடுத்தால், தாமதம் திறந்த நாளிலிருந்து அல்ல, மே 11-லிருந்து எண்ணப்படும்: 46 நாள்.

மனுவோடு தரும் அபிடவிட்டில் (உறுதிமொழிப் பத்திரத்தில்) இரண்டு காரணங்கள் தனித்தனியாக வேண்டும்: அன்று ஏன் ஆஜராகவில்லை, பிறகு ஏன் இத்தனை நாள் மனு போடவில்லை. ஒரு வார மருத்துவமனைச் சீட்டு முதல் கேள்விக்குப் போதும். 46 நாளுக்குப் போதாது. ‘வேலைப்பளு’ எதற்கும் உதவாது. செலவுத்தொகை கட்டும் நிபந்தனையோடு மனு அனுமதியானால், குறித்த தேதிக்குள் கட்டிவிடுங்கள். அதைத் தவறவிட்டே மனுவை இழப்பவர்கள் உண்டு. மனு நிலுவையில் இருப்பதாலேயே தீர்ப்பாணையைச் செயல்படுத்த எதிர்த்தரப்பு போடும் நிறைவேற்று மனு நின்றுவிடாது, தடையாணை தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: நான் கொடுத்த கடனுக்குப் புரோநோட்டு (கடன் பத்திரம்) எழுதி 3 வருடம் 10 நாள். வழக்கு போடும் 3 வருடக் கெடு தாண்டிவிட்டது. பிரிவு 5 எனக்கு உதவுமா?

பதில்: உதவாது. பிரிவு 5 மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான்; வழக்கு போடும் கெடுவை அது நீட்டாது. கடன் வாங்கியவர் அந்த 3 வருடத்துக்குள் வட்டியோ அசலோ கொஞ்சம் கொடுத்து, நோட்டின் பின்புறம் தன் கையால் வரவு எழுதியோ கையெழுத்திட்டோ இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம். நீங்களே எழுதிக்கொண்ட வரவு செல்லாது.