தாத்தா ரேஸ் ஓட்டினாரா? – கேள்வி பதில்

பழைய மோட்டார் பந்தய நிகழ்ச்சிப் புத்தகங்களையும் செய்தி நறுக்குகளையும் சேர்த்து வைத்திருப்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததற்கு மட்டும் பதில்.

மயிலாப்பூர்: அம்மாவின் பெரியப்பா 60-களில் சோழவரத்தில் கார் ரேஸ் ஓட்டினாராம். இருப்பது ஒரே போட்டோ. ஹெரால்டு கார், கதவில் 27 என்ற எண், பக்கத்தில் அவர். எங்கே தொடங்குவது?

முதலில், போட்டோவை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். ஓரம் தானாகத் தூக்கியிருந்தால் பின்பக்கத்தையும் படமெடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

27 என்பது அந்த ஒரு பந்தயத்துக்குக் கொடுத்த எண். அடுத்த முறை வேறு ஆளுக்குப் போயிருக்கும். ஆண்டு தெரியாமல் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நம்பர் பிளேட் தெரிகிறதா? தெரிந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பரின் வண்டியாகவும் இருக்கலாம். காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். கட்டடம் இல்லாத வெட்டவெளி, வரிசையாக டிரம்கள், மணல் மூட்டைகள் என்றால் நம்பிக்கை கூடும். போர்ட்டிகோவும் குரோட்டன்ஸ் தொட்டியும் தெரிந்தால் அது வீட்டு வாசலில் எடுத்த படம்.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-ல் வரும்வரை சென்னைக்காரர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். பெரிய பந்தயம் பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். ஆகவே சென்னை கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதத்துத் திங்கட்கிழமை 'இந்து'வின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் புரட்டுங்கள். 365 நாளையும் புரட்டி நொந்துபோக வேண்டாம். 1968 வரை வந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' வார இதழையும் விடாதீர்கள். பெயரை மட்டும் தேடினால் தவறவிடுவீர்கள்: இனிஷியல் மாறும், எழுத்து மாறும், வீட்டுக்குத் தெரியாமல் வேறு பெயரில் ஓட்டியவரும் இருந்திருப்பார்.

இன்னொன்று, ஓட்டியவர் ஒருவர் என்றால் கூடப் போனவர்கள் ஐந்தாறு பேர். மெக்கானிக், கொடி காட்டியவர், லேப் எண்ணியவர் எல்லோருமே காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா அவர்களில் ஒருவராக இருந்தாலும் குறைவில்லை.

கோவை: தாத்தா எங்கள் ஊர் கார் பந்தய வீரர் கரிவரதனுடன் ரேஸ் ஓட்டினார் என்கிறார்கள்.

கோவையில் பாதி வீடுகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆண்டு சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம்.

ஈப்போ: கொள்ளுத்தாத்தா 60-களில் சிங்கப்பூரில் ஓட்டியதாகக் கேள்வி.

உங்களுக்கு வேலை சுலபம். தாம்சன் ரோட்டில் கிராண்ட் பிரி நடந்தது 1961 முதல் 1973 வரைதான். சிங்கப்பூர் தேசிய நூலகம் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேடிவிட்டு வாருங்கள்.

திருச்சி: எங்கள் தாத்தா 1938-ல் சோழவரத்தில் கார் ரேஸில் கோப்பை வாங்கினார். உறுதிப்படுத்த முடியுமா?

முடியாது. அப்போது அந்த ஓடுதளமே கிடையாது.

திருச்சி: எங்கள் அப்பாவே சொன்னது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

பொய் என்று யார் சொன்னது? ஆண்டு சரியாகி ஊர் தப்பாகியிருக்கலாம், அல்லது ஊர் சரியாகி ஆண்டு தப்பாகியிருக்கலாம்.

மதுரை (குறுக்கே): ஓடுதளம் இல்லாவிட்டால் என்ன, வெள்ளைக்காரன் காலத்தில் ரோட்டிலேயே ஓட்டியிருக்கலாமே?

ஓட்டியிருக்கலாம் ஐயா. அதற்குச் சோழவரம் எதற்கு? திருச்சி நண்பரே, கோப்பை கையில் இருக்கிறதா? இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள்.

திருச்சி: இருக்கிறது. 'நுவரெலியா 1938' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. தாத்தா அங்கே எஸ்டேட்டில் கணக்கராக இருந்தார்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! இலங்கை நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார் போட்டி 1934-லேயே தொடங்கிவிட்டது. வளைவு வளைவான மலைப்பாதையில் ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் கணிப்பார்கள்.

மதுரை: அப்படியானால் நான் சொன்னதுதானே, ரோடு ரேஸ்!

சரி, அரை மார்க். ஆனால் அதே ஊரில் ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயமும் உண்டு, கோல்ஃபும் உண்டு. வெறும் ஊர்ப் பெயரும் ஆண்டும் போதாது. கோப்பையின் அடிப்பாகத்தில் கிளப் பெயரோ முத்திரையோ இருக்கிறதா பாருங்கள். பிறகு 1938 ஏப்ரல், மே மாதத்து கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகள். எஸ்டேட் கணக்கர் கையில் கார் எப்படி வந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். துரையின் வண்டியாகவும் இருக்கலாம், துரையின் கோப்பையாகவும் இருக்கலாம்.

திருச்சி: துரையின் கோப்பை எங்கள் வீட்டுக்கு ஏன் வர வேண்டும்?

ஊருக்குக் கிளம்பும்போது சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போன துரைகள் உண்டு. கோபப்படாமல் அடிப்பாகத்தைப் பாருங்கள்.

வேலூர்: தாத்தா வாராவாரம் ரேஸுக்குப் போய்ச் சொத்தை அழித்தார் என்பாள் பாட்டி. எந்தக் கார் ஓட்டினார் என்று தெரியுமா?

வாராவாரமா? அது கிண்டி. குதிரை.

சேலம், தஞ்சாவூர், மறுபடி சேலம்: பெயர் அனுப்புகிறோம், உங்கள் பட்டியலில் இருக்கிறதா?

பட்டியல் இல்லை, சில புத்தகங்கள் இருக்கின்றன. ஆண்டு, வண்டி, ஊர் மூன்றில் இரண்டேனும் இல்லாமல் தேட மாட்டேன். மேலே மயிலாப்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மயிலாப்பூர்: போட்டோவைப் பிய்த்துவிட்டேன். பின்னால் பசைதான் இருக்கிறது.

தண்ணீர் வைக்காதீர்கள். அப்படியே ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.