மேசையில் வைத்த கடலைக்கும் காசா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு கெந்திங் மலைக்குப் போகிறோம். கெசினோவுக்குள்ளேயே ஒரு சீன மீ (நூடுல்ஸ்) கடை இருக்கிறதாம், அந்தக் குளிருக்கு ஒரு கிண்ணம் சூடாகச் சாப்பிடாமல் இறங்காதீர்கள் என்கிறார் என் கணவரின் நண்பர். மகனுக்கு 19 வயது. நாங்கள் மாட்டிறைச்சி தொடமாட்டோம், மாமியார் சைவம். போன மாதம் நகரத்தில் ஒரு சீன உணவகத்தில் கேட்காமலே கடலையும் ஈரத் துண்டும் வைத்துவிட்டு பில்லில் காசு போட்டுவிட்டார்கள். மேலேயும் இப்படித்தானா? அந்த பில்லையும் இத்துடன் அனுப்பியுள்ளேன்.
(செந்தூல் வாசகி, கோலாலம்பூர்)

பதில்: முதலில் மகன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சகோதரி. கெந்திங் கெசினோவுக்குள் 21 வயது நிறையாதவர்களையும் முஸ்லிம்களையும் விடமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம் என்று வாசலில் சொல்லிப் பயனில்லை, அடையாள அட்டையைக் கேட்பார்கள். ஆகவே நண்பர் சொன்ன கடை கெசினோ தளத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுச் சாப்பிடும் மீ தொண்டையில் இறங்காது. பக்கத்திலேயே ஸ்கை அவென்யூ பேரங்காடியில் குடும்பத்தோடு உட்கார நிறைய கடைகள் உண்டு.

சரி, பில்லுக்கு வருவோம். நீங்கள் அனுப்பியதை வரிவரியாகப் பார்த்தேன். மூன்று வகை மீக்குக் கீழே ‘தே’ நான்கு, ‘கச்சாங்’ ஒன்று, ‘துவாலா’ நான்கு. அதாவது சீனத் தேநீர் தலைக்கு இவ்வளவு, கடலைத் தட்டுக்கு இவ்வளவு, ஈரத் துண்டு ஆளுக்கு ஒன்று. மேசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடும் சீன உணவகங்கள் பலவற்றில் இது வெகுநாள் வழக்கம். அவர்களுடைய பழைய வாடிக்கையாளர்களுக்கு இது தெரியும், வேண்டாம் என்றால் கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம்மவர்கள் உபசரிப்பு என்று நினைத்துக் கொறித்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துக் காசு கேட்காத பழக்கம் நமக்கு! மலையில் உள்ள கடையானாலும் செந்தூல் கடையானாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தட்டு மேசைக்கு வந்தவுடனே, தொடுவதற்கு முன்பே, “இனி பாயார் கா?” (இதற்குக் காசா?) என்று மலாயில் கேளுங்கள். காசு என்றால், வேண்டாதபோது திருப்பிக் கொடுங்கள். பிரிக்காத துண்டுக்குக் காசு போட்டிருந்தால் பணம் கட்டும் இடத்தில் எடுத்துக் காட்டினால் கழித்துவிடுவார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

பில்லில் அதற்குக் கீழே இரண்டு தொகைகள் இருக்கின்றன. இரண்டையும் பலர் ‘வரி’ என்றே சொல்கிறார்கள், அது தவறு. 10 விழுக்காடு சேவைக் கட்டணம் கடை போடுவது, அரசாங்கத்துக்குப் போவதில்லை. 6 விழுக்காடுதான் அரசாங்கத்தின் சேவை வரி. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு இந்த வரி 8 ஆக ஏறியபோதும் உணவு, பானத்துக்கு 6 ஆகவே விட்டுவிட்டார்கள். ஆகவே சாப்பாட்டு பில்லில் 8 கண்டால் அங்கேயே கேளுங்கள். ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் உணவகங்கள்தான் இந்த வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்த கடையின் பில்லில் பதிவு எண் இருக்கும், சுங்கத் துறையின் இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். இரண்டும் சேர்ந்தால் 70 வெள்ளி (ரிங்கிட்) சாப்பாடு 81 வெள்ளியைத் தாண்டிவிடும். மெனுவின் அடியில் கூட்டல் குறி இரண்டு போட்டிருந்தால் அதன் பொருள் இதுதான். சேவைக் கட்டணம் உண்டு என்று எங்கும் எழுதாமல், சொல்லாமல் பில்லில் மட்டும் வந்தால் நிர்வாகியைக் கூப்பிட்டுக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பணத்தைவிட எனக்குக் கவலை உங்கள் மாமியாரைப் பற்றித்தான். சீன மீ கடையில் “இறைச்சி வேண்டாம்” என்றால் மேலே வைக்கும் துண்டுகளை மட்டும் எடுத்துவிடுவார்கள், சூப் அதே சூப்தான். வான்தான் மீ சூப்பில் பன்றி எலும்பும் காய்ந்த மீனும் கொதித்திருக்கலாம். நம்ம கோலாலம்பூர் பாணியில் கருப்பாகப் பிரட்டித் தரும் மீயின் பளபளப்பு பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு எண்ணெய். பான் மீ சூப் நெத்திலியில் வைப்பது. கீரைக்கு மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பு சிப்பிச் சாறாக இருக்கும். மெல்லிய மஞ்சள் மீயில் முட்டையும் சேரும். கையால் இழுக்கும் லான்சோ மீ என்றால் சூப்பே மாட்டெலும்புச் சூப், கோழி போட்டுத் தரச் சொன்னாலும் நீங்கள் தவிர்க்க வேண்டியது அது. சைவத்துக்கென்றே தனிச் சட்டி வைத்திருக்கும் கடை கிடைத்தால் அங்கே போங்கள். கிடைக்காவிட்டால் மாமியாருக்கு வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது. அந்த வயதில் அவர் மனம் நோகக் கூடாது.

கேள்வி: மெனுவில் ஒரு விலை, பில்லில் வேறு விலை. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. சில வெள்ளிகளுக்காக எங்கே போவது?
(ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு)

பதில்: விலையைத் தவறாகக் காட்டுவது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் கொடுங்கள். பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். மெனுப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறீர்களா? பில்லையும் இன்றைக்கே படம் பிடியுங்கள். அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துப் போய்விடும்.