குடியும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது: அட்மிட் ஆகாமல் வைத்தியம் பார்க்க முடியுமா?

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு 38 வயது, எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். பத்து வருடமாகக் குடி, இப்போது தினமும் ஒரு ஆஃப் வரை போகிறது. இரண்டு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சில்லை, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று அடிக்கடி சொல்கிறார். மனநல மருத்துவர் ஒருவர் "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாராம். ஒரு மறுவாழ்வு மையத்தில் கேட்டால், "மனநலப் பிரச்சினை இருக்கிறவர்களை எடுக்க மாட்டோம்" என்றார்களாம். கடையை மூடிவிட்டு மாதக்கணக்கில் உள்ளே இருக்க வழியில்லை, ஓபி-யிலேயே பார்க்க முடியுமா என்று கேட்கிறார். கூடவே, தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கும் மருந்து ஒன்று இருக்கிறதாமே, தரலாமா என்றும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தராதீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் டைசல்ஃபிராமாக இருக்கும். சாராயம் உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி, அதுவும் உடைந்து வெளியேற வேண்டும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது கட்டத்தைத் தடுத்துவிடுகிறது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும், சிலருக்கு உயிரே போகும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. விஷயம் தெரிந்து, சம்மதித்து, ரத்தப் பரிசோதனை முடித்துச் சாப்பிடுகிறவருக்கே இருமல் சிரப்பும் அரிஷ்டமும் கூடாது என்று எச்சரித்துத்தான் கொடுக்கிறோம். ஒன்றும் தெரியாமல் சாயங்காலம் டாஸ்மாக் போகிறவருக்கு இது மருந்தல்ல.

இனி முக்கியக் கேள்வி. ஓபி-யில் முடியும், பலருக்கு முடிகிறது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே மருத்துவர் பார்க்க வேண்டும். "குடியை விட்டுட்டு வா, அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்று சொன்னால் அந்த மனிதர் எங்கே போவார்? தூங்க முடியாததால் குடிக்கிறார், குடித்ததால் தூக்கம் இன்னும் கெடுகிறது, விடிகாலையில் விழித்துக்கொண்டு சாவைப் பற்றி யோசிக்கிறார். இதில் எந்த முனையை மட்டும் பிடித்து இழுப்பது? 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டமே மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த நிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. அதனால், எடுக்க மாட்டோம் என்றால் வாதாடி நேரத்தை வீணாக்காமல் வேறு இடம் போங்கள். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்றும் விசாரியுங்கள். இரண்டு இடத்திலும் இரண்டு பிரச்சினையையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

ஓபி போதுமா, படுக்கை வேண்டுமா என்பதை முடிவு செய்வது முதல் வாரம்தான். தினமும் ஒரு ஆஃப் குடிக்கும் உடல், திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வேர்வையும் தொடங்கலாம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் குழம்பி, இல்லாததைப் பார்த்து, இல்லாத குரலைக் கேட்டுப் பேச ஆரம்பிக்கலாம். இந்தக் கடைசி நிலை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியதல்ல. முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருந்தால், கண் மஞ்சளாகியிருந்தால், ரத்த வாந்தி எடுத்திருந்தால், வீட்டில் ராப்பகலாகக் கூட இருக்க ஆளில்லை என்றால், யோசிக்காமல் அட்மிட் செய்யுங்கள். அது மாதக்கணக்கு இல்லை, பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். கடையை அவ்வளவு நாள் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் ஓபி-யில் தொடங்கலாம். மருத்துவரைப் பார்க்கும் முன் நீங்களாக பாட்டிலைப் பிடுங்கி வைக்காதீர்கள், நிறுத்துகிற நாளை அவரோடு பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். குளோர்டயசெபாக்சைடு அல்லது அதே வகை மாத்திரையை முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். இதன் மேல் குடித்தால் மூச்சு அடங்கிப்போகும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் இதுவே புதுப் பழக்கமாகும். அதனால் மாத்திரை உங்கள் கையிலோ அண்ணி கையிலோ இருக்கட்டும், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் திரும்ப வாங்காதீர்கள். கூடவே தயமின், அதாவது பி1 ஊசி, கட்டாயம் வேண்டும். சோர்வாக இருக்கிறார் என்று தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றுகிறார்களே, தயமின் இல்லாமல் அதைச் செய்தால் நாள்பட்டுக் குடித்த மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இதை மட்டும் எந்தச் சங்கடமும் இல்லாமல் கேட்டு வாங்குங்கள்.

சரி, மனச்சோர்வு. குடியே உண்டாக்கும் சோர்வு ஒன்று உண்டு, நிறுத்தி மூன்று நான்கு வாரத்தில் அதுவாகவே பெரிதும் குறைந்துவிடும். தனியாக இருக்கும் மனச்சோர்வு குறையாது. பிரித்தறிய நான் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "மாலை போட்டிருக்கிறாரா?" சபரிமலைக்கு விரதம் இருந்து ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்திருந்தால், அந்த நாட்களில் முகம் எப்படி இருந்தது, தூங்கினாரா, கடையைக் கவனித்தாரா? முதல் சில நாளில் கை நடுங்கியதா? இந்தப் பதில்களே மருத்துவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். குடிக்கு முன்பே, பள்ளி கல்லூரி வயதில் இப்படி ஒடுங்கிப்போன காலம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்பதையும் அம்மாவிடம் கேட்டு வையுங்கள். தூக்கமே இல்லாமல் உற்சாகமாக, கைமீறிச் செலவு செய்து, பெரிய பெரிய திட்டம் பேசிய வாரங்கள் இருந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சோர்வும் இப்படிப்பட்ட அதீத உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருந்தால் மனச்சோர்வு மாத்திரை மட்டும் தருவது அவரை மறுபக்கம் தள்ளிவிடக்கூடும்.

ஆனால் உங்கள் அண்ணன் "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று சொல்வதால், நான்கு வாரம் பொறுத்துப் பார்ப்பது என் யோசனை அல்ல. இவருக்குச் சிகிச்சை உடனே தொடங்க வேண்டும். நேராகக் கேளுங்கள்: "அண்ணா, செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது, பல பேர் கேட்டதும் அழுதுவிட்டுப் பேசுகிறார்கள். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனை, அப்போது ஓபி பேச்சே வேண்டாம். வயல் உள்ள வீடு என்றால் பூச்சிமருந்தை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். சரியான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று இரண்டு உண்டு. முன்னதற்கு கல்லீரலையும் பின்னதற்கு சிறுநீரகத்தையும் பார்த்துத் தருவார்கள். நால்ட்ரெக்சோன் எடுப்பவர் முதுகு வலிக்கு டிரமடால் போட்டுக்கொண்டிருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். மாத்திரையோடு முதல் இரண்டு மாதம் வாராவாரம் கவுன்சலிங் வேண்டும், கடையடைத்த பின் நண்பர்கள் கூப்பிடும் அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்பது வரை அங்கே பேசியாக வேண்டும். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் மனச்சோர்வு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுகிறார்கள், வெட்கப்பட்டு ஓபி-க்கும் வருவதில்லை. அந்த வாரம்தான் கட்டாயம் வர வேண்டும், எவ்வளவு குடித்தார் என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

முதல் தடவை அழைத்துப்போக, "குடிக்கு வைத்தியம்" என்று தொடங்காதீர்கள். அவரே சங்கடப்படுவது தூக்கத்துக்குத்தானே, "தூக்கம் வரலைன்னு சொல்றியே, டாக்டரைப் பார்ப்போம், குடியையும் அங்கேயே சொல்லிடுவோம்" என்று காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். போகும்போது எவ்வளவு குடிக்கிறார், எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணியையும் கூட்டிப்போங்கள், மருத்துவரோடு தனியாகப் பேச அவருக்கும் பத்து நிமிடம் கேளுங்கள்.