கேள்வி–பதில்: நெல் ஏற்றிய பெட்டியும் எதிர்காற்றும்

கேள்வி: நெல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு வரும் உழவு இயந்திரம், பிரேக் பிடித்தாலும் நிற்க ஏன் இவ்வளவு தூரம் எடுக்கிறது? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: பல பெட்டிகளுக்குப் பிரேக் கிடையாது. இயந்திரத்தின் பின்சில்லுகள் தரும் விசைதான் எல்லாத் திணிவையும் நிறுத்த வேண்டும். இயந்திரம் 2000 கிலோகிராம், பிரேக் விசை 8000 நியூற்றன் என்று வைப்போம். விசையைத் திணிவால் வகுத்தால் அமர்முடுகல், அதாவது செக்கனுக்குச் செக்கன் வேகம் குறையும் வீதம், 4 மீ/செ². மணிக்கு 18 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 5 மீற்றர் கதியில் வந்தால் 3 மீற்றர் சொச்சத்தில் நின்றுவிடும். 3000 கிலோகிராம் பெட்டியைக் கொளுவியதும் அதே 8000 நியூற்றன் 5000 கிலோகிராமை மறிக்க வேண்டும். அமர்முடுகல் 1.6 ஆகக் குறைகிறது. தூரம் ஏறத்தாழ 8 மீற்றர்.

சுமையை விடக் கதிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். நிற்கும் தூரம் கதியின் வர்க்கத்தோடு கூடும். அதே பெட்டியோடு இரு மடங்கு கதியில், மணிக்கு 36 கிலோமீற்றரில் வந்தால் 16 அல்ல, 31 மீற்றர். கண் கண்டு கால் மிதிக்கும் ஒரு செக்கனுக்குள் இன்னும் 10 மீற்றர் போய்விடும். இரவில் ஏ9 வீதியில் மாடு படுத்திருந்தால் அந்த 41 மீற்றர் உங்களுக்குக் கிடைக்குமா? மாரியில் நனைந்த கிரவல் வீதியில் சில்லு வழுக்கினால் அந்த 8000 நியூற்றனும் கிடைக்காது.

வீதிக்கு ஏறுமுன் இடது, வலது பிரேக் மிதிகளை ஒன்றாகப் பூட்டுங்கள். வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவிட்ட மிதிகளில் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும். பின்னால் வரும் பெட்டி அதை அப்படியே மடக்கிவிடும். குளக்கட்டிலிருந்து இறங்குவதென்றால் மேலேயே சிறிய கியருக்கு மாற்றுங்கள். இறக்கத்தில் கிளச்சை மிதிக்கவே வேண்டாம், எஞ்சின் தரும் தடுப்பு அந்தக் கணமே போய்விடும்.

கேள்வி: சைக்கிளை ஒரே கதியில் ஓட்டவும் மிதிக்க வேண்டியிருக்கிறதே. விசை இருந்தும் ஆர்முடுகல் ஏன் இல்லை? (மாணவி, தருமபுரம்)

பதில்: ஆர்முடுகலை, அதாவது வேகம் கூடுவதை, தருவது விளையுள் விசை: எல்லா விசைகளையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சும் விசை. நீங்கள் முன்னே தள்ளும் விசையும் உராய்வும் காற்றுத் தடையும் சமனானால் விளையுள் பூச்சியம், கதி மாறாது. காற்றுத் தடை, காற்றுக்குச் சார்பான வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. செக்கனுக்கு 5 மீற்றரில் ஓடும்போது சோளகக் காற்று அதே வேகத்தில் எதிரே வீசினால் தடை நான்கு மடங்கு. குனிந்து ஓட்டினால் காற்றுப் படும் பரப்புக் குறையும். ரயருக்குக் காற்று போதாவிட்டால் உராய்வும் சேர்ந்துகொள்ளும், அதை முதலில் பாருங்கள்.